ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ரெண்டு ரூம் நாள் வாடகைக்கு விடுகிறேன். வருசம் பத்து லட்சம்தான் வருது. ஜி.எஸ்.டி எடுக்கணுமா?

ரூம் எவ்வளவு சம்பாதிக்குதுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, உங்க பான் நம்பர்ல வேற என்னென்ன நிக்குதுன்னு பாருங்க. நம்ம கொங்குப் பக்கம் சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. வேற ஊர்க்காரங்க எழுதின பதில்ல எல்லாம் "வருசம் 20 லட்சம் வரைக்கும் ஜி.எஸ்.டி பதிவு வேண்டாம்"னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க. அது தப்பில்லை, ஆனா உங்களுக்குப் பொருந்துமாங்கறது வேற கேள்வி.

அந்த 20 லட்சம் ரூமுக்கான வரம்பு இல்லைங்க, பானுக்கான வரம்பு. ஒரே பான்ல இந்தியா முழுக்க நடக்கற எல்லா வியாபாரத்தையும் கூட்டித்தான் பார்ப்பாங்க. பொள்ளாச்சி கடைவீதியில ஒரு கடையை வாடகைக்கு விட்டிருந்தா அந்த வாடகையும் சேரும். குடியிருக்க விட்ட வீட்டு வாடகைக்கு வரி இல்லை, ஆனாலும் கணக்குல சேரும். வரி விலக்கு உள்ளதையும் மொத்த விற்றுமுதல்ல சேர்க்கணும்னு சட்டமே சொல்லுது. தேங்காய் வித்த காசுக்கு மட்டும் கொஞ்சம் தனி நியாயம் இருக்குது: சொந்தச் சாகுபடி விளைச்சலைப் பொறுத்தவரைக்கும் விவசாயி பதிவு எடுக்க வேண்டியதில்லைன்னு ஜி.எஸ்.டி சட்டத்துல 23-ம் பிரிவு இருக்குது. அதை மொத்தத்துல சேர்க்கணுமா வேண்டாமான்னு ரெண்டு பக்கமும் வாதம் பண்ணலாம். அதனால காய் வித்த சிட்டையையும் ரூம் வரவையும் வேற வேற பேங்க் அக்கவுண்டுல வைங்க. பின்னாடி நோட்டீஸ் வந்தா பிரிச்சுக் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது, ஏற்கெனவே ஜி.எஸ்.டி நம்பர் வெச்சிருக்கறவங்க. சோமனூர்ல தறி, திருப்பூர்ல பனியன் ஜாப் வொர்க், ஈரோட்டுல மஞ்சள் மண்டி, பொள்ளாச்சியில நார் மில்லுன்னு ஏதாவது ஒண்ணு உங்க சொந்தப் பேர்ல ஓடி, அதுக்கு நம்பர் இருந்தா, ரூமுக்கு முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. 20 லட்சம்கற பேச்சே கிடையாது. புதுசா நம்பர் வாங்க வேண்டாம்; தமிழ்நாட்டுக்குள்ள இருக்கற இடம்னா பழைய பதிவுலயே சாளையைக் கூடுதல் வியாபார இடமாச் சேர்த்து, 996311-ங்கற சேவைக் குறியீட்டையும் சேர்த்துக்கணும். மாற்றம் நடந்து 15 நாளுக்குள்ள பண்ணணும். தறிக்கும் ரூமுக்கும் பொதுவா வர்ற செலவுல, ஆடிட்டர் ஃபீஸ், போன் பில் மாதிரி, ரூமோட பங்குக்கு எடுத்த கிரெடிட்டை (வாங்கறப்போ கட்டின வரியை நாம கட்டற வரியில கழிச்சுக்கறது) திருப்பிக் கட்டணும்கறதையும் மறந்துடாதீங்க.

இதைவிட மோசமா மாட்டறது மளிகைக் கடைக்காரங்கதான். சரக்கு மட்டும் விக்கறவங்களுக்கு வரம்பு 40 லட்சம். வருசம் 30 லட்சத்துக்குக் கடை ஓட்டி, பதிவு இல்லாம நிம்மதியா இருப்பாங்க. மாடியில ஒரு ரூமை நாள் வாடகைக்கு விட்ட உடனே அது சேவையாயிடுது. "சரக்கு மட்டும்"கற தகுதி போச்சு, வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிருச்சு. ரூம்ல வந்தது ஐம்பதாயிரமா இருந்தாலும் இப்போ கடைக்கும் சேர்த்துப் பதிவு எடுக்கணும்.

"ஊட்டுக்காரம்மா பேர்ல போட்டுக்கலாமா?"ன்னு அடுத்து கேப்பீங்க. பத்திரம் அவங்க பேர்ல, புக்கிங் அக்கவுண்ட் அவங்க பேர்ல, காசு அவங்க பேங்க்ல விழுந்து, வருமான வரிக் கணக்கும் அவங்க காட்டினா, அது அவங்க பானோட தனிக் கணக்கு. பேருக்கு அவங்களைக் காட்டிட்டு காசை உங்க அக்கவுண்டுல வாங்கினா நிக்காது. ஏமாத்தறதுக்கு வழி சொல்லறேன்னு யாரும் கமெண்ட்ல வர வேண்டாம், நான் சொல்லறது நெசமாவே அவங்க நடத்தற தொழிலைப் பத்தி.

சரி, உங்க பான்ல வேற எதுவும் இல்லை, ரூம் மட்டும்தான்னு வெச்சுக்கலாம். ரெண்டு ரூம், 3,500 ரூபாய், வருசத்துக்கு ஒவ்வொரு ரூமும் 150 ராத்திரி ஓடினா 10,50,000. பதிவு வேண்டாம். ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப் மாதிரி தளம் வழியா வர்ற விருந்தாளிக்கு வரியைத் தளமே வாங்கி ஜி.எஸ்.டி சட்டத்தோட 9(5) பிரிவுப்படி கட்டிரும். வாட்ஸப்ல நேரா வர்றவங்களுக்கு வரியே இல்லை. ஆனா பில் புக்குல "ஜி.எஸ்.டி 5%"னு அச்சடிச்சு வாங்கிப்போடாதீங்க; பதிவு இல்லாதவர் வரி வசூல் பண்ணறது குத்தம், வாங்கினதையும் அரசுக்குக் கட்டித்தான் ஆகணும்.

இதுல எல்லாரும் தப்புப் பண்ணற இடம் கூட்டல்தான். பேங்க்ல விழுந்த தொகையைக் கூட்டக்கூடாதுங்க. விருந்தாளி ரூமுக்குக் கொடுத்த முழுத்தொகையைக் கூட்டணும், தளம் கமிஷன் பிடிக்கறதுக்கு முன்னாடி. தளம் வழியா வந்தது, அதுக்கு வரியைத் தளமே கட்டியிருந்தாலும், உங்க விற்றுமுதல்லதான் சேரும். பேங்க்ல 17 லட்சம் இருக்கும், முழுக் கணக்கு 20-ஐத் தாண்டியிருக்கும். தாண்டின நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள விண்ணப்பம் போடணும்: பான், ஆதார், போட்டோ, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது. இடம் அப்பாரு பேர்ல இருந்தா அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம். நம்பர் வந்த அன்னைக்கே தளத்துல அதைப் பதிஞ்சிருங்க. அதுக்கப்புறம் தளம் வரி கட்டாது, பொறுப்பு உங்க தலைக்கு வந்துரும்.

வரி விகிதம் 2025 செப்டம்பர் 22-லிருந்து இப்படி: ஒரு யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் 5%, கிரெடிட் கிடையாது. அதுக்கு மேல 18%, கிரெடிட் உண்டு. யூனிட்டுங்கறதைக் கவனிங்க. மூணு ரூம் சாளையை மொத்தமா 12,000-க்கு விட்டா 18%, அதாவது 2,160 ரூபாய். அதையே தனித்தனிப் பூட்டு, தனித்தனி புக்கிங்னு 4,000 வீதம் மூணு ரூமா விட்டா 600 ரூபாய். பில்லுல ரூம் நம்பர் இருக்கணும். ஒரே லிஸ்டிங்கா போட்டுட்டு பில்லை மட்டும் மூணாப் பிரிச்சா அது வேலைக்காகாது. கூடுதல் கட்டில் காசு, சுத்தம் பண்ணற காசு எல்லாம் விலையிலதான் சேரும். ஒரு ராத்திரிக்கு 7,200 வாடகை, சுத்தத்துக்கு 600னு போட்டா 7,800. முழுசுக்கும் 18% விழுந்து 1,404. 7,500-க்கே விட்டிருந்தா 375தான். விருந்தாளி கண்ணுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல வித்தியாசம்.

"சேஃப்டிக்கு ஒரு நம்பர் எடுத்து வெச்சுக்கங்க"ன்னு சொல்லற ஆடிட்டர்கள் இருக்காங்க. முன்னாடி இந்த ரூமுக்கு 12% இருந்தப்போ ஏசி, கட்டில் வாங்கின வரியையாவது கிரெடிட் எடுக்கலாம்னு ஒரு நியாயம் இருந்துச்சு. இப்போ 5%-ல அதுவும் இல்லை. வெறும் ரிட்டர்ன் போடற வேலைதான் மிச்சம். காம்போசிஷனும் (சின்னத் தொழிலுக்கு மொத்த வரவுல ஒரே விகிதமா வரி கட்டற திட்டம்) உங்களுக்கு ஆகாது: தளம் வழியா சேவை கொடுக்கறவங்களுக்கு அது கிடையாது, நேரடி புக்கிங் மட்டும்னாலும் 6% உங்க கைக்காசுல இருந்து கட்டணும், விருந்தாளிகிட்ட வாங்க முடியாது.

நடுவுல ஒண்ணு சொல்லிக்கறேன், வரிக்குச் சம்பந்தமில்லை. வர்றவங்க பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால்ல குடிச்சுட்டு பாட்டிலை உடைச்சுப் போடறதுக்கு ரூம் விடறவங்கதான் பொறுப்புன்னு நான் நினைக்கறேன். மடை திறக்கப் போற ஆளுக கால்தான் கிழியுது. ரூம் வாசல்ல ஒரு குப்பைத் தொட்டியும், சாவி கொடுக்கறப்போ நாலு கண்டிப்பான வார்த்தையும் வெக்கறதுக்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

பதிவு எடுத்தவங்களுக்குப் பில் விசயம். பாலக்காட்டுல இருந்து வந்தாலும் பெங்களூர்ல இருந்து வந்தாலும், ரூம் தமிழ்நாட்டுல இருக்கறதால மத்திய வரி பாதி, மாநில வரி பாதிதான்; 5% ரூம்னா 2.5%, 2.5%. வெளிமாநிலம்னு ஐ.ஜி.எஸ்.டி (மாநிலம் விட்டு மாநிலம் போறதுக்கான வரி) போட்டுறாதீங்க. கம்பெனிக்காரங்க கேப்பாங்க, அவங்க மாநிலத்துல கிரெடிட் எடுக்கணும்னு. கொடுக்க முடியாதுன்னு புக்கிங் அப்பவே சொல்லிருங்க. அதே மாதிரி, வரம்பைத் தாண்டின உங்களுக்கு அட்டப்பாடியில ஒரு வீடு இருந்து அதையும் விட்டீங்கன்னா, அதுக்குக் கேரளாவுல தனிப் பதிவு.

காலாண்டு ரிட்டர்ன் எடுத்துக்கிட்டா காலாண்டு முடிஞ்ச அடுத்த மாசம் 13-க்குள்ள ஜி.எஸ்.டி.ஆர்-1 (பில் விவரம்), 22-க்குள்ள 3பி (வரி கட்டற ரிட்டர்ன்). முதல் ரெண்டு மாசத்துக்கும் அடுத்த மாசம் 25-க்குள்ள பணம் மட்டும் கட்டணும். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்துல ஒரு ஆளும் வரலைன்னாலும் பூஜ்ய ரிட்டர்ன் போட்டே ஆகணும். விட்டா நாளுக்கு 20 ரூபாய், வரி இருந்தா நாளுக்கு 50, அது போக 18% வட்டி.

பதிவு பண்ணினவங்க தொகையில தளம் 0.5% பிடிச்சு (இதுக்குப் பேர்தான் டி.சி.எஸ்) உங்க பேர்ல கட்டும். அது தானா உங்களுக்கு வராது. போர்ட்டல்ல டி.டி.எஸ், டி.சி.எஸ் வரவுப் பக்கத்துக்குப் போய் ஏத்துக்கிட்டதா அழுத்தி ஃபைல் பண்ணினாத்தான் போர்ட்டல்ல இருக்கற உங்க பணக் கணக்குல (கேஷ் லெட்ஜர்) ஏறும். அதுக்கப்புறம் 3பி-யில வரி கட்டறப்போ அந்தக் காசையே எடுத்துக் கட்டிக்கலாம்.