ஸ்லோ குக்கர் பீஃப் டாக்கோ: வாசகர்கள் கேட்டவை

குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் பீஃப் டாக்கோ, அதாவது மெல்லிய ரொட்டியில் மாட்டுக்கறியை வைத்து மடிக்கும் மெக்சிகோ உணவு, செய்து பார்த்தவர்களின் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் மிச்சத்தைக் குக்கர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை, கடினமான கறியை மெத்தென்று ஆக்குவது. ருசிக்கான வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும் நம்முடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: கொழுப்பே இல்லாத நல்ல தொடைக்கறியாகப் பார்த்து வாங்கினேன். 8 மணி நேரம் வெந்தும் வறண்டு போய், மென்றால் சக்கை மாதிரி இருக்கிறது. நேரம் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா?

நேரத்தில் தவறில்லை, கறியின் பகுதிதான் மாறிவிட்டது. நீங்கள் "நல்லது" என்று எடுத்தது இந்தச் சமையலுக்கு ஆகாதது. நீண்ட நேரம் வேகும்போது எந்தச் சதையும் தன் ஈரத்தை விடத்தான் செய்யும். அந்த வறட்சியை மறைப்பது சதைக்கு நடுவே ஓடும் கொழுப்பும், கொலாஜன் என்கிற இணைப்புத் திசுவும்தான். கொலாஜன் மெல்ல மெல்ல உருகி ஜெலட்டினாக மாறி நார்களைப் பூசிக்கொள்கிறது. தொடைப் பகுதியில் இந்த இரண்டுமே குறைவு.

மாட்டின் முன் தோள்பட்டைப் பகுதியைக் கேளுங்கள். 'சக்' என்று எழுதி விற்பது அதைத்தான். கால் தசை, விலாக்கறி, கன்னக்கறி ஆகியவையும் அருமையாக வரும். வெள்ளைக் கோடுகள் நிறைய ஓடுகிற துண்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், இங்கே அதுதான் முதல் தரம்.

அப்புறம், தோள்பட்டைக் கறியைப் போட்டும் கடினமாக இருந்தால் அது பெரும்பாலும் வேகாத கறி. கறியின் நடுவில் 80 டிகிரி செல்சியஸ் வந்தால் சாப்பிடலாம், ஆனால் பிரியாது. 93 முதல் 96 டிகிரி வரை போய்ச் சற்று நேரம் நின்றால்தான் முள்கரண்டியைச் செருகித் திருப்பியதும் கழன்று விழும். கடினமாக இருக்கிறதே என்று பயந்து அணைத்துவிடுபவர்கள் பலர். இன்னும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நார் ஓடும் திசைக்குக் குறுக்காக 5 செ.மீ. அகலத் துண்டங்களாகப் போட்டால், பிய்க்கும்போது இழைகள் அந்த நீளத்துக்கு மேல் வராது. முழுத் துண்டாக வேகவைத்துப் பிய்த்த கறியில், டாக்கோவை ஒரு கடி கடித்ததும் உள்ளே இருப்பது மொத்தமும் சேர்ந்து வாயோடு வரும்.

கேள்வி: 'லோ', 'ஹை' இரண்டில் எது? 'ஹை'யில் வைத்தால் கறி கெட்டுவிடும் என்கிறார்களே?

பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. எவ்வளவு சீக்கிரம் அங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒன்றரை கிலோ தோள்பட்டைக் கறிக்கு 'லோ'வில் 8 முதல் 10 மணி நேரம், 'ஹை'யில் 5 முதல் 6 மணி நேரம். கொலாஜன் உருகுவதற்கு நிதானம் பிடிக்கும் என்பதால் என் ஓட்டு 'லோ'வுக்கு. ஆனால் 'ஹை'யில் வைத்தால் பாழாகிவிடாது. எதில் வைத்தாலும் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியேறுகிற சூட்டை மீட்க 15, 20 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

கேள்வி: இரண்டு கப் தண்ணீர்தான் ஊற்றினேன். திறந்து பார்த்தால் சூப். டாக்கோவில் வைத்ததும் அடி ஊறிக் கிழிந்துவிட்டது.

இரண்டு கப் என்பதே அதிகம். அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் ஆவி போய்க்கொண்டே இருக்கும். இங்கே ஆவி மூடியில் மோதித் திரும்ப உள்ளேயே விழுகிறது, போதாததற்குக் கறியும் தன் சாற்றை விடுகிறது. ஒரு கிலோ கறிக்கு 150 முதல் 200 மி.லி. திரவம் தாராளம். தக்காளி போடுகிறீர்கள் என்றால் அதுவும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இப்போது இருப்பதையும் காப்பாற்றலாம். கறியை எடுத்துப் பிய்த்து வையுங்கள். சாற்றை அகலமான வாணலிக்கு மாற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துத் தனியே எடுத்துக்கொண்டு, பாதியாகச் சுண்டும் வரை பெரிய தீயில் கொதிக்க விடுங்கள். அதில் நாலைந்து கரண்டி மட்டும் கறியில் பிசறினால் போதும். பிறகு வழித்த கொழுப்பில் ஒரு ஸ்பூனைச் சூடான இரும்புக் கல்லில் விட்டு, கறியைப் பரப்பி, கிளறாமல் மூன்று நிமிடம் விடுங்கள். அடி முறுகி, ஓரங்கள் பழுப்பேறும். வீட்டு டாக்கோவையும் கடை டாக்கோவையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு வேலைதான். நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் ஏனோ இதற்கு மட்டும் பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

சாறு சுண்டும்போது உப்பும் ஏறும். ஆரம்பத்தில் கிலோவுக்கு 10 கிராம் உப்போடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் முதலில் கறியைச் சிவக்க வறுக்க வேண்டாமா?

கல்லில் முறுக வைக்கப்போகிறீர்கள் என்றால் கட்டாயமில்லை. சிவந்த கறிக்கு வருகிற மணத்துக்கு 140 டிகிரிக்கு மேல் சூடும் வறண்ட பரப்பும் வேண்டும். ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அதற்குள் அது நடக்கவே நடக்காது. முன்னால் செய்யலாம், பின்னால் செய்யலாம், எங்கேயும் செய்யாமல் விடுவதுதான் தப்பு. நேரம் இருந்தால் துண்டுகளின் ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகச் சிவக்க விடுங்கள்.

வெங்காயத்தையும் பூண்டையும் மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். கூடவே ஒரு ஸ்பூன் தக்காளி பேஸ்ட், சீரகத்தூள் சேர்த்து எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கிப் போட்டால் சாறே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஒரு அமெரிக்கச் செய்முறையில் 3 மேசைக்கரண்டி 'சில்லி பவுடர்' என்று இருந்தது. அப்படியே மிளகாய்த்தூளைப் போட்டேன். யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

முடியாதுதான். அங்கே அந்தப் பெயரில் விற்பது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு எல்லாம் கலந்த மசாலா. 3 மேசைக்கரண்டிக்கு ஈடாக இப்படிக் கலந்துகொள்ளுங்கள்: பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) 3 தேக்கரண்டி, சீரகத்தூள் 2, ஓரிகானோ 2, பூண்டுத்தூள் 1, நம் காரமான மிளகாய்த்தூள் 1.

செய்து முடித்ததைக் கொட்ட வேண்டாம். மிளகாயின் காரம் கொழுப்பில் கரைவது. இரவு முழுக்கச் சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே தகடாக உறையும். அதை எடுத்து வீசினால் காரத்தில் ஒரு பங்கும் கூடவே போய்விடும். மீதியைப் புளித்த கிரீம், அவகாடோ, எலுமிச்சை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: சிவப்பு எண்ணெயில் தோய்த்துச் சுட்டு, கூடவே ஒரு கிண்ணத்தில் சாறு வைத்துக் கொடுக்கும் பிர்ரியா டாக்கோவை ஸ்லோ குக்கரில் செய்ய முடியுமா?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஸ்லோ குக்கருக்கென்றே அளவெடுத்தது போன்ற பண்டம் இது. பிர்ரியாவின் ஊர் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம், அங்கே மூலப்பொருள் ஆட்டுக்கறி. மாட்டுக்கறியும் சீஸும் சேர்ந்து கல்லில் முறுகும் வடிவம் அமெரிக்க எல்லையோரத் திஹுவானா நகரத்துப் பக்கம் பெயர் பெற்றது.

இதற்கு உயிர் காய்ந்த மிளகாய்கள். ஒன்றரை கிலோ கறிக்கு குவாஹியோ மிளகாய் 6, ஆஞ்சோ 3. முதலாவது நல்ல சிவப்பும் லேசான புளிப்பும் தரும். இரண்டாவது உலர்ந்த பழம் போல ஓர் இனிப்பைத் தரும். இரண்டுமே பெரிய காரம் இல்லை. காரம் வேண்டுமானால் புகையில் உலர்த்திய சிபோட்லே ஒன்றைச் சேருங்கள். காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் கல்லில் ஒரு பக்கத்துக்கு 15, 20 விநாடி மட்டும் காட்டுங்கள். மணம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகினால் மொத்தமும் கசந்துவிடும், பிறகு சர்க்கரை போட்டாலும் தீராது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, 5 பல் பூண்டு, அரை வெங்காயம், 2 தக்காளி, 2 மேசைக்கரண்டி வினிகர், சீரகம், 2 கிராம்பு, சிறு துண்டுப் பட்டை, ஓரிகானோ சேர்த்து நைசாக அரையுங்கள். மிளகாய்த் தோல் அரைபடாமல் நிற்கும், அதனால் வடிகட்டியே ஆக வேண்டும். அந்த விழுதை எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, கறிமேல் ஊற்றுங்கள். இங்கே குடிக்கச் சாறு வேண்டும் என்பதால் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு செல்லாது, மூன்று கப் வரை ஊற்றலாம். எலும்போடு கூடிய விலாக்கறி இரண்டு துண்டு சேர்த்தால் சாறு உதட்டில் ஒட்டும்.

'லோ'வில் 9 மணி நேரம். மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பைத் தட்டில் வழித்து, டோர்ட்டியாவை, அதாவது டாக்கோவுக்கான மக்காச்சோள ரொட்டியை, அதில் தோய்த்து, சூடான கல்லில் போட்டு, ஒரு பாதியில் சீஸும் கறியும் வைத்து மடித்து, இரு பக்கமும் மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். சாற்றில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. மெக்சிகோ ஓரிகானோ கிடைத்தால் அதையே போடுங்கள். பீட்சாவில் தூவும் ஓரிகானோவும் அதுவும் வேறு வேறு தாவரக் குடும்பம், மணமும் வேறு.

கேள்வி: மக்காச்சோள மாவில் டோர்ட்டியா தட்டினால் கல்லில் போடும் முன்பே உதிர்கிறது. பிசைவதில் கோளாறா?

மாவே வேறு. டோர்ட்டியாவுக்கான மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, ஊறவைத்துக் கழுவி அரைப்பார்கள். நிக்ஸ்டமலைசேஷன் எனப்படும் இந்த முறையில் தோல் கழன்று, மாவுக்குப் பிடிப்பு வருகிறது. சோளத்தில் உடல் எடுத்துக்கொள்ள முடியாமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் விடுபடுகிறது. இந்த முறை தெரியாமல் மக்காச்சோளத்தை மட்டும் முக்கிய உணவாக்கிக்கொண்ட நாடுகளில்தான் நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் பரவியது.

நீங்கள் வாங்க வேண்டியது 'மாசா ஹரினா' என்ற மாவு. ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் வெதுவெதுப்பான நீர், சிட்டிகை உப்பு, மூடி வைத்து 20 நிமிடம். உருட்டி அழுத்திப் பாருங்கள், ஓரம் வெடித்தால் நீர் போதவில்லை. இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் சுட்டு, உடனே துணியில் சுற்றுங்கள். அந்த ஆவியில்தான் மடிக்கிற பதம் வரும்.

கேள்வி: ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

கூடாது. 4 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கறி அந்த வரம்பைக் கடக்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால் கறி வெந்தது போலத் தெரிந்தாலும் எறிந்துவிடுவதே சரி.

கேள்வி: கறி கொஞ்சம்தான் இருக்கிறது. ஊறவைத்த சிவப்புக் கிட்னி பீன்ஸையும் கூடவே போட்டு வேகவைக்கலாமா?

பச்சையாக ஒருபோதும் போடாதீர்கள். சிவப்புக் கிட்னி பீன்ஸில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூடு போதாது. குறைந்த சூட்டில் அரைகுறையாக வெந்தால் நச்சு வேகாத பீன்ஸில் இருப்பதைவிடக் கூடவும் செய்யும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு சேர்க்கலாம். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, பயமில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் போடுங்கள்.

கேள்வி: கொத்துக்கறியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எதற்கு? வாணலியில் 15 நிமிடத்தில் முடிகிற வேலை.

கேள்வி: ஸ்லோ குக்கர் இல்லை. பிரஷர் குக்கர்தான்.

5 செ.மீ. துண்டுகள், ஒரு கப் திரவம், பிரஷர் வந்தபின் சின்னத் தீயில் 45 முதல் 50 நிமிடம். பிரஷர் தானாக இறங்கட்டும். சாறு சற்றுக் கூடுதலாக நிற்கும், சுண்ட வைத்துக் கல்லில் முறுக வைக்கும் வேலை அப்படியே பொருந்தும்.

கேள்வி: மிஞ்சினதை மறுநாள் அதே குக்கரில் போட்டுச் சூடாக்கலாமா?

அதில் சூடேற நேரம் பிடிக்கும் என்பதால் வேண்டாம். வாணலியிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்க, 74 டிகிரி வரை சூடாக்கி, அப்புறம் வேண்டுமானால் குக்கரின் 'வார்ம்' நிலைக்கு மாற்றிப் பரிமாறுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் வரும். ஃப்ரீசருக்குப் போவதானால் முறுக வைக்காத கறியைச் சாற்றோடு சேர்த்து வையுங்கள், கல்லில் போடுவது சாப்பிடும் நாளில்.