ஓட்னர் இயந்திரத்தில் ‘ஸ்வீடன்’ என்று இருப்பது சரிதான்

வணக்கம். கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தை உருவாக்கிய ஓட்னர் வாழ்ந்தது ரஷ்யாவில், ஆனால் உங்கள் தாத்தாவின் ஓட்னர் இயந்திரத்தில் ‘ஸ்வீடன்’ என்று இருக்கிறதே, போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

வில்கோட் ஓட்னர் 1845இல் ஸ்வீடனில் பிறந்தவர். பிழைப்புக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், லுட்விக் நோபலின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே பழுதுபார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக் கணக்கு இயந்திரம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. இதைவிட எளிதாகச் செய்யலாமே என்று பல வருடம் உழைத்து, 1890 வாக்கில் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கினார். 1905இல் காலமானார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பம் ஸ்வீடன் திரும்பி, கோதென்பர்க்கில் தொழிலைத் தொடர்ந்தது. உங்களுடையது அங்கே செய்ததாக இருக்கும்.

அப்புறம், கைப்பிடி சுற்றவில்லை என்றீர்களே, தயவுசெய்து பலவந்தமாகத் திருப்பாதீர்கள். உள்ளே ஒவ்வொரு சக்கரத்திலும் 9 பற்கள். எண்ணைக் குறிக்கும் நெம்புகோலை 7இல் வைத்தால் 7 பற்கள் மட்டும் வெளியே நீளும். அதுதான் ஓட்னரின் அழகான யோசனை! அந்தப் பல் வளைந்தால் சரிசெய்வது கஷ்டம். முதலில் கீழ்ப்பக்கத்தில் இடவலமாக நகரும் பகுதி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பூஜ்யமாக்கும் திருகு முழுச் சுற்று முடித்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், பெரும்பாலும் பழைய எண்ணெய் இறுகியிருக்கும்.