பனித் திருவிழாவுக்குப் போகலாமா?

கேள்வி: பெப்ரவரியில் மொன்றியலில் இருக்கும் மகளிடம் போகிறேன். கியூபெக் பனித் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிறாளாம். மார்கழி மழைக்கே போர்த்திக்கொண்டு இருக்கிற ஆள் நான். அங்கே இரவில் வெளியில் நிற்க ஏலுமா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தாராளமாக நிற்கலாம் அம்மா. இரவில் மறை 20 பாகைக்கும் இறங்கும்தான். ஆனால் ஆளை விழுத்துவது பெரும்பாலும் வியர்வை. பருத்தி உள்ளாடை அதை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும், நடை நின்றதும் உடம்பு விறைக்கும். ஆகவே தோலோடு மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் தடித்த சுவெட்டர், மேலே காற்றுப் புகாத கோட். மேசு ஒரு சோடி தடித்த கம்பளி போதும். சப்பாத்துக்குள் இரண்டு மூன்றை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால்விரல்தான் முதலில் மரக்கும். கைபேசியை உள்பையில் வையுங்கள். குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும்.

1955 முதல் நடந்துவரும் இந்த விழாவில் பனி மாளிகையை எல்லோரும் பார்ப்பார்கள். வள்ளம் பார்த்து வளர்ந்த உங்களுக்கு சென் லோரன்ஸ் ஆற்றுப் போட்டிதான் விருந்து: ஐந்து ஐந்து பேராக, தண்ணீரில் துடுப்புப் போட்டும், மிதக்கும் பனிக்கட்டி மேல் வள்ளத்தைத் தள்ளியும் ஓடுவார்கள்.

மேப்பிள் மரச்சாற்றுப் பாகு மிட்டாயையும் விடாதீர்கள். ஏறத்தாழ 115 பாகை வரை காய்ச்சி, சுத்தமான பனியில் நீளமாக ஊற்றுவார்கள். சில விநாடியில் குச்சியால் சுருட்டி எடுக்க வேண்டும். பதம் குறைந்தால் பாகு பனிக்குள் இறங்கிவிடும். கட்டுப்பல் இருந்தால் கவனம், இழுத்துக்கொண்டு வரும்!