லைசென்ஸ் வாங்கிவிடலாம், இறங்க இடம் வேண்டுமே!

(சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற பராமரிப்பு இன்ஜினியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் சனிக்கிழமை காலையில் வாடகை விமானத்தில் பக்கத்து ஊருக்குப் பறந்து, டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். எனக்கும் ஆசை. பணம் பிரச்சினையில்லை. இங்கே ஏன் முடிவதில்லை?
*— மில் உரிமையாளர், ராஜபாளையம்*

பணம் பிரச்சினையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மற்றவர்களுக்கு அதுதான் முதல் தடை. நான்கு பேர் அமரும் பழைய செஸ்னா 172 விமானம் கூட ஒரு மணி நேரத்தில் முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். அது குடிக்கும் ஆவ்கேஸ் பெட்ரோலை 2022இல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கும்வரை முழுக்க இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தோம்.

ஆனால் லைசென்ஸைப் பூதமாக நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், 17 வயது ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றிதழ், எழுத்துத் தேர்வு, அப்புறம் 40 மணி நேரப் பறத்தல். உங்கள் மச்சானும் பெரும்பாலும் அதே 40 மணி நேரக் கணக்கில்தான் வாங்கியிருப்பார். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்துக்கு எங்கே போவீர்கள்? விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஃபிளையிங் கிளப்புக்குத்தான். அங்கே வரிசையில் நிற்பவர்கள் ஏர்லைன் வேலைக்குப் போகும் பிள்ளைகள். கமர்ஷியல் லைசென்ஸுக்கு ஒவ்வொருவருக்கும் 200 மணி நேரம் வேண்டும். அவர்கள் கட்டும் பணத்தில்தான் கிளப் ஓடுகிறது. எங்கள் ஹேங்கரில் ஒரு விமானம் நூறு மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனைக்காகப் பிரித்துக் கிடக்கும், இன்னொன்று இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னீட்டோவுக்காகக் காத்திருக்கும். மிஞ்சிய ஒன்றுக்கு விடியற்காலையிலேயே பையன்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவரிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்றுதான் சொல்ல முடியும். அந்த அடுத்த வாரம் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, சொந்த விமானமே வாங்கிவிட்டீர்கள் என்று வைப்போம். எங்கே இறக்குவீர்கள்? அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்களே சுமார் 5,000 இருக்கின்றன. பெரிய நகரங்களை ஒதுக்கிவிட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் பயணத் திட்டம்கூடத் தாக்கல் செய்யாமல் பறக்கலாம். இங்கே ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிய பிறகுதான் சக்கரம் நகரும். போய் இறங்கும் இடம் ஏர்பஸ்கள் வரும் நிலையமாக இருந்தால் பெரும்பாலும் ஜெட் எரிபொருள்தான் இருக்கும். உங்கள் செஸ்னாவுக்கு அது ஆகாது. திரும்பி வரத் தேவையான பெட்ரோலையும் புறப்படும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளங்கள் உளுந்தூர்பேட்டையிலும் கயத்தாறிலும் செட்டிநாட்டிலும் இருக்கின்றன. சோழவரம் ஓடுதளத்தில் பல வருடம் ரேஸ் கார் விட்டோம்! இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பயணிகள் முனையம், ஏர்லைன் சேவை என்றுதான் திட்டம் போடுகிறார்கள். சின்ன விமானத்துக்கு ஏசி ஹால் எதற்கு? ஓடுதளத்தைச் சீராக்கி, ஆடு மாடு வராமல் வேலி போட்டு, காற்றின் திசை காட்டும் ஒரு விண்ட் சாக் துணிக்குழாய், தீயணைப்பு ஏற்பாடு, பெட்ரோலுக்கு ஒரு டாங்கி வைத்தால் போதும். அப்படி மூன்று இடம் கிடைத்தால் உங்களைப் போல ஐம்பது பேர் வருவார்கள், ஐம்பது பேர் வந்தால் வாடகைக்கு விடவும் ஒருவர் வருவார். இடமே இல்லாமல் ஆள் வரவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மச்சான் ஊரிலும் எல்லாம் சுகமில்லை. நஷ்டஈட்டு வழக்குகளுக்கும் இன்ஷூரன்ஸ் செலவுக்கும் தாங்காமல் 1986இல் செஸ்னாவே சிறிய பிஸ்டன் விமானங்கள் செய்வதை நிறுத்திவிட்டது. 18 வருடம் கடந்த விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போடுவதற்கு 1994இல் சட்டம் வரம்பு கட்டிய பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள்.

வீட்டிலேயே விமானம் செய்து பறக்கலாமா?
*— பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்*

செய்வது உங்கள் பாடு, பறப்பது அரசாங்கத்தின் பாடு. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்‌ஷன் இங்கிலாந்தில் கொரோனா காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் விமானத்தின் உதிரிபாகத் தொகுப்பை (கிட்) வரவழைத்து, நான்கு பேர் அமரும் விமானத்தைப் பூட்டினார். 2022இல் அதிலேயே ஐரோப்பா சுற்றினார். சொந்தமாகச் செய்கிறவர்களின் வேலையைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட இங்கிலாந்தில் பல காலமாக ஒரு முறை இருக்கிறது. மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானம் செய்தார். அதைப் பதிவு செய்யவே பல வருடம் அலைந்து, மேலிடம் வரை போய், 2017இல்தான் எண் வாங்கினார். அவரளவு பொறுமை இருந்தால் ஆரம்பியுங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு ஹேங்கரில் உதவியாளாகச் சேர்ந்து ரிவெட் அடிக்கப் பழகுங்கள்.

என் மகளுக்கு 15 வயது. பைலட் வேலைக்கு அல்ல, ஆசைக்குப் பறக்க வேண்டுமாம். எங்களுக்கு அவ்வளவு வசதியில்லை.
*— ஆசிரியை, நாகர்கோவில்*

கெட்டிக்காரப் பெண். கல்லூரி தேடும்போது என்.சி.சி. ஏர் விங் இருக்கிற கல்லூரியாகப் பாருங்கள் அம்மா. அதன் கேடட்டுகளை ஸ்லோவேனியாவில் செய்த பிபிஸ்ட்ரெல் வைரஸ் என்ற மைக்ரோலைட்டில் (மிக இலேசான சிறு விமானம்) ஏற்றிப் பறக்கவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் இதைவிட மலிவான காக்பிட் சீட் கிடையாது. எல்லாக் கல்லூரியிலும் இல்லை, கேட்டு உறுதி செய்துகொண்டு சேருங்கள். பின்னால் லைசென்ஸ் எடுக்க நினைத்தால், கிளப்புக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்பே லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 2 மெடிக்கலை முடித்துவிடச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டால் தப்பில்லை, நிறப் பார்வையில்தான் பலர் சிக்குகிறார்கள்.