டெங்குக்குப் பிறகு கொட்டும் தலைமயிர்: எந்தக் குளிசை, எவ்வளவு?

கேள்வி: வயது 28, சாவகச்சேரி. மார்கழியில் டெங்கு வந்தது. மாசியிலிருந்து தலைமயிர் கைநிறையக் கொட்டுகிறது. 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் (பி வகை உயிர்ச்சத்து), துத்தநாகக் குளிசை, கையாந்தகரைப் பொடி மூன்றும் வாங்கிவிட்டேன். இரும்புக் குளிசையும் போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: சேர்த்து எடுக்க வேண்டாம். மூன்று பக்கெற்றையும் ஒரு பக்கம் வையுங்கள்.

மார்கழியில் காய்ச்சல், மாசியில் கொட்டல். காரணம் அந்த இடைவெளியிலேயே தெரிகிறது. கடும் காய்ச்சல் உடலை உலுக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்களில் பெரும்பகுதி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு இரண்டு மூன்று மாதம். அதன் பிறகு உதிரும். இன்று உங்கள் சீப்பில் வருவது மார்கழியிலேயே வளர்ச்சி நின்ற மயிர். வேர் சாகவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுதல் தானாகவே அடங்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர்தான் வளர்வதால், பின்னல் பழைய தடிப்புக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாகும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதான்.

கொட்டிய மயிர் பத்தை வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. குமிழில்லாமல் குட்டையாக இருந்தால் இடையில் முறிந்தது. அதற்கு எந்தக் குளிசையும் உதவாது. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லிலிருந்து வரும் வன்தண்ணீர். சவர்க்காரம் போட்டுத் தோய்ந்தால் இரண்டும் சேர்ந்து படையாகி மயிரில் ஒட்டும், சிக்கெடுக்கும்போது முறியும். ஷாம்பு அல்லது அரப்பு வைத்து முழுகினால் அந்தப் படை சேராது.

வேரோடு வந்தால் மூன்று இரத்தப் பரிசோதனைகள் போதும்: முழுக் குருதிக் கணிப்பு, ஃபெரிட்டின், தைரொயிட்டுக்கான ரீ.எஸ்.எச். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஃபெரிட்டின் என்பது உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் அளவு. டெங்குக் காலத்தில் அது பொய்யாக மிக உயரும். ஆகவே காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாவது கழிந்த பின் பாருங்கள். உங்களுக்கு இப்போது சரியான நேரம். மற்றது உங்கள் பயோட்டின். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளைக் குழப்பி, ரீ.எஸ்.எச். அளவைக் குறைத்துக் காட்டும். இல்லாத தைரொயிட் நோய் இருப்பதாகத் தோன்றும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபொனினையும் அது குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 இல் எச்சரித்தது. குருதி எடுக்க மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம்தான். முட்டை, கச்சான், பருப்பு சாப்பிடுபவருக்குக் குறைபாடு அரிது. உண்மையில் திரும்ப ஆரம்பிக்கவே தேவையில்லை.

ஃபெரிட்டின் மில்லிலீற்றருக்கு 30 நனோகிராமுக்குக் கீழே வந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்போது இரும்பு தேவை. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேற் குளிசையில் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று போதும். ஒரு குளிசை போட்டதும் குடலின் கதவை மூடும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் ஒரு நாள் வரை உயர்ந்திருக்கும். மறுநாள் போடுவதில் பெரும்பகுதி வீணாகி, வயிற்றைத்தான் பிரட்டும்.

பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது தேத்தண்ணியால்தான். காலையில் எழுந்ததும் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டு, ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி, பால், கோப்பி. கல்சியம் இரண்டு மணி, தைரொயிட் குளிசை நான்கு மணி தள்ளி. வயிறு குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்துவதைவிட நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். செங்குருதிக் கலங்கள் சிறிதாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால், நீங்கள் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியாக (நோயின் மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம்; வைத்தியர் சொல்லாமல் இரும்பு எடுக்கவே கூடாது.

துத்தநாகம் பெண்ணுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் தேவை. 40 தான் மேலெல்லை. பெட்டியில் 220 மில்லிகிராம் சிங்க் சல்பேற் என்று இருந்தால் அதில் துத்தநாகம் 50. மாதக்கணக்கில் எடுத்தால் உடலிலுள்ள செம்பு குறைந்து, இரத்தசோகையும் கால் விறைப்பும் வரலாம். செலீனியமும் உயிர்ச்சத்து ஏயும் கூடினால் அவையே மயிரைக் கொட்டவைக்கும். மல்ரிவிற்றமினும் மீனீரல் எண்ணெய்க் குளிசையும் சேர்த்து எடுப்பவர்கள் இரண்டிலும் உள்ள ஏ அளவைக் கூட்டிப் பாருங்கள்.

கையாந்தகரைப் பொடியைவிட எண்ணெயாகத் தேய்ப்பதே எங்கள் தெரிவு. அரை லீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு அரை லீற்றர் இலைச்சாறு, சிறு தீயில். திரியை நனைத்துக் கொளுத்தினால் படபடக்காமல் எரிய வேண்டும். படபடத்தால் தண்ணீர் இருக்கிறது, எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடும். தீயைக் கூட்டினால் அடி கருகும். தோய்வதற்கு முன் தேய்த்தால் மயிர் முறிவது குறையும், புதிதாக முளைக்க வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொடுகு இருந்தால் வேண்டாம், எண்ணெய் அதை வளர்க்கும். அயச்செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைப் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கவே வேண்டாம். ஈயமோ இரசமோ கலந்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் மட்டும் வாங்குங்கள்.

சாப்பாட்டில் புரதம்தான் அடித்தளம். 50 கிலோ எடைக்கு நாளுக்குக் குறைந்தது 40 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விடுபவர்கள் அந்த நாட்களில் பருப்பு, கடலை, உழுந்து, தயிர் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்; சோறும் ஒரு மரக்கறியும் காணாது.

வட்டமாக வழுக்கை விழுந்தால், வகிடு அகன்றுகொண்டே போனால், தலைத்தோல் சிவந்து நொந்தால், அல்லது ஆறு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால் தோல் வைத்தியரிடம் போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்புக் குளிசையை எட்டாத அலுமாரியில் பூட்டி வையுங்கள். இனிப்பென்று நினைத்துச் சில குளிசைகளை விழுங்கினாலே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.