கல்லீரல் வரிசையில் யார் முதலில்?

கேள்வி: அமெரிக்காவில் கல்லீரல் மாற்றுக்குப் பல மாதம் காத்திருப்பவரைத் தாண்டி, போன வாரம் பதிந்தவருக்கு உறுப்பு போகிறதாமே? இது நியாயமா?

பதில்: நியாயம்தான். 2002-க்கு முன் காத்திருந்த காலத்துக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதற்கும் முன்னுரிமை உண்டு. விளைவு? சீக்கிரமே பெயரைப் பதிந்து இடம்பிடிக்கலாம், ஐ.சி.யூ.வில் சேர்த்தே வரிசையைத் தாண்டலாம்.

அதன்பின் 'மெல்ட்' (MELD) என்ற, நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண் வந்தது. ரத்தத்தில் உள்ள பிலிருபின் (கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி), கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), ரத்தம் உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை கணக்கிடுவார்கள். அடுத்த 3 மாதத்தில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதே அளவுகோல்; மதிப்பெண் கூடியவருக்கே முன்னுரிமை. 2016-இல் ரத்தத்தின் சோடியம் அளவும் சேர்ந்தது. ரத்த வகை, மருத்துவமனையின் தொலைவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டாலும் அளவு குறைவாகவே காட்டும், மதிப்பெண்ணும் குறையும். இத்தனை ஆண்டு இதை விட்டுவைத்தது சரியல்ல. 2023-இல்தான் அல்புமினை (கல்லீரல் உருவாக்கும் ரத்தப் புரதம்) சேர்த்து, பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டினார்கள். கல்லீரல் புற்றுநோயில் இந்தப் பரிசோதனைகள் ஓரளவு இயல்பாகவே இருக்கலாம் என்பதால், அந்த நோயாளிகளுக்கு இந்தக் கணக்குக்கு வெளியே தனி விலக்குப் புள்ளிகள் உண்டு.

மதிப்பெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 7 நாளுக்கு ஒருமுறை புதிய பரிசோதனை முடிவு தர வேண்டும். தவறினால் மதிப்பெண் இறங்கிவிடும்.