அப்பாவின் சைக்கிளையும் எழுதுங்கள்

கேள்வி: அப்பா போய் அடுத்த மாதம் ஒரு வருடம். தமிழ் தினசரியில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி கொடுக்கிறோம். பரேலில் மில் தறி ஓட்டியவர். 1982 வேலைநிறுத்தத்தில் வேலை போன பிறகு, 25 வருடம் சயான் பக்கம் சைக்கிளில் இட்லி விற்று எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். “மில் தொழிலாளி என்று மட்டும் போடு, இட்லி வேண்டாம்” என்கிறான் தம்பி. விளம்பரம் வாங்குபவரோ “ஆண்டொன்று கடந்தாலும் ஆறவில்லை நெஞ்சம்” என்று தயாராக ஒரு கவிதையை நீட்டுகிறார். என்ன எழுதுவது?
- பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்: தம்பி மேல் கோபப்படாதீர்கள், சகோதரி. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். ஆனால் அவருடைய காலேஜ் ஃபீஸ் அந்த இட்லிப் பாத்திரத்திலிருந்துதான் வந்தது.

மாட்டுங்காவில் ஓர் அச்சகத்தில் பல வருடம் கருமாதிப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவன் நான். பெயரையும் தேதியையும் மாற்றுவோம், மீதி அப்படியே இருக்கும். என் அம்மா இறந்தபோதும் அதையேதான் செய்தேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இறைவனடி சேர்ந்தார். அம்மா மருத்துவச்சி. லேபர் கேம்ப்பில் எங்கள் சந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட நான் கோக்கவில்லை. 14 வருடமாக அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்துகிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் ஒரு நடுகல் கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. “கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்” என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவன், கூடலூரில் மாடு கவர்ந்த சண்டையில் செத்தவன். அவ்வளவுதான். மாவீரன் என்றுகூட இல்லை. ஊர், பெயர், செய்த காரியம் மூன்றும் இருப்பதால் அந்த ஆள் இன்றும் நம் கண்முன் நிற்கிறான்.

உங்கள் அப்பாவுக்கும் அதேதான் வேண்டும். 1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், வேலை போனவர்களை லட்சக்கணக்கில் எண்ணிச் சொல்வார்கள். அதில் ஒருவர் அப்புறம் எப்படிப் பிழைத்தார் என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

கட்டத்தின் அளவுக்குத்தான் காசு. கவிதைக்குப் போகிற இடத்தில் இது தாராளமாகப் பிடிக்கும்:

“பரேல் மில்லில் தறி ஓட்டினார். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 25 வருடம் சயானில் சைக்கிளில் இட்லி விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். விடியும் முன் எழுந்து மாவு ஊற்றி அவித்துக் கொடுத்தவர் மனைவி.”

அந்தக் கடைசி வரி என் ஊகம். ஆனால் 25 வருடம் ஒரு மனிதர் தனியாக இட்லி அவித்து விற்றிருக்க முடியாது. அம்மா இருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மனைவி என்று நான் எழுதிய இடத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.